எருசலேமா, தஞ்சாவூரா? ஆறு சனிக்கிழமைகளின் எழுத்துப் பயிற்சி பற்றி

விவிலியத்தில் வரும் யூதேயா நாட்டு அரசன் எசேக்கியாவின் காலத்து எருசலேமைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுத வேண்டும் என்று நான்கு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுபது பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டுதான், சிங்கப்பூரின் பிராஸ் பாசா பகுதியில் ஓர் இலக்கிய அமைப்பு நடத்திய பயிற்சியில் சேர்ந்தேன். விவிலிய அரசர்கள் காலத்தை வைத்து வரலாற்றுப் புனைவு எழுதுவதற்கென்றே ஏற்பாடு செய்யப்பட்ட வகுப்பு அது. ஆறு சனிக்கிழமைகள், பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. கட்டணம் 240 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், நடத்துபவர்கள் வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் இதைச் செய்பவர்கள் என்பதாலும் அமைப்பின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் நாளே என்னுடைய முதல் அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார்கள். அதில் அரசன் ஆயிரங்கால் மண்டபம் போன்ற ஒரு கொலுமண்டபத்தில் வீற்றிருப்பான். சேடியர் சாமரம் வீசுவர். வாயிற்காவலன் மீசையை முறுக்கியபடி இடைவாளைத் தட்டுவான். ஓய்வுபெற்ற ஆசிரியரான எங்கள் பயிற்றுநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “தம்பி, இது எருசலேமா, தஞ்சாவூரா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நான் கடைசியாகச் சிரித்தேன். சிறு வயதிலிருந்து நாம் படித்து வளர்ந்த சோழர் கதைகளின் அரண்மனையைத்தான் யூதேயா மலைநாட்டில் நட்டு வைத்திருந்தேன் என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கிவிட்டது.

அதற்கு அவர் தந்த மருந்து, அளவு. எசேக்கியாவின் காலத்தில் எருசலேம் அதற்கு முன் இல்லாத அளவுக்கு விரிந்திருந்தது; அப்படி விரிந்த பிறகும் அதன் பரப்பு ஏறத்தாழ 60 ஹெக்டேர்தான் என்பது பல தொல்லியலாளர்களின் கணிப்பு. நம் தாவரவியல் பூங்கா 82 ஹெக்டேர். ஞாயிறு காலையில் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு வந்து எழுதுங்கள் என்றார். நான் நடந்தேன். அரசன் இருமினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் ஊரில், என் கதையில் வரும் தூதன் அரண்மனைக்குள் நுழைந்து மன்னனைக் காண இரண்டு பக்கம் குதிரையில் போய்க்கொண்டிருந்தான். அந்த இரண்டு பக்கங்களையும் அன்றே அடித்துவிட்டேன்.

பயிற்சியின் சிறந்த பகுதி மூன்றாம் வாரம் வந்தது. அசீரியப் பேரரசின் முற்றுகையை எதிர்பார்த்துக் கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவர எசேக்கியா வெட்டுவித்ததாகக் கருதப்படும் சுரங்கம் ஏறத்தாழ 533 மீட்டர் நீளமுள்ளது. இரு முனைகளிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து பாறைக்குள் சந்தித்திருக்கிறார்கள். அதன் சுவரில் 1880-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டு, இன்னும் மூன்று முழம் வெட்ட வேண்டியிருந்தபோது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டதைச் சொல்கிறது. ஆனால், எஞ்சியுள்ள ஆறு வரிகளில் எந்த அரசனின் பெயரும் இல்லை. கோடரிகளும் குரலும் நீரும்தான் இருக்கின்றன. பயிற்றுநர் அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, அடுத்த அறையில் நின்ற ஒருவரைச் சுவரில் நாணயத்தால் தட்டச் சொன்னார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கை காட்ட வேண்டும். பதினொருவரில் நால்வரே சரியான திசையைக் காட்டினோம். பிறகு, ‘அரசன்’ என்ற சொல் ஓரிடத்திலும் வராமல் அந்த மூன்று முழத்தை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னார். என் நாவலின் நாயகன் மாறிப்போனது அன்றைக்குத்தான்.

வெள்ளியைப் பற்றிய வகுப்பும் நன்றாக இருந்தது. கி.மு. 701-இல் படையெடுத்துவந்த அசீரிய அரசன் சனகெரிப்புக்கு எசேக்கியா முந்நூறு தாலந்து (அக்காலப் பெரிய எடையளவு) வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கொடுத்ததாக விவிலியத்தின் 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம் கூறுகிறது. சனகெரிப்பின் சொந்தக் குறிப்போ பொன்னை முப்பது என்றும் வெள்ளியை எண்ணூறு என்றும் சொல்கிறது. பொன் ஒத்துப்போகிறது, வெள்ளி ஒத்துப்போகவில்லை. இடையிலிருக்கும் ஐந்நூறு தாலந்தில்தான் நாவலாசிரியனுக்கு வேலை இருக்கிறது என்றார் பயிற்றுநர். கணக்கெழுதியவன் திருடினானா, வென்றவன் பெருமைக்காகக் கூட்டி எழுதினானா, தோற்றவன் வெட்கப்பட்டுக் குறைத்தானா என்று மூன்று குழுக்களாகப் பிரிந்து எழுதினோம். ஒருவர் ‘முந்நூறு வெள்ளி கொடுத்தான்’ என்று சுருக்கி எழுதிவிட, நம் ஊர் வாசகன் அதை ஒரு மாத மின்கட்டணம் என்றல்லவா நினைப்பான் என்று வகுப்பே கலகலத்தது. அந்தக் காலத்து யூதேயாவில் நாணயம் கிடையாது. வெள்ளியை எடை போட்டே கொடுத்தார்கள். சேக்கல் என்ற சிற்றெடையின் எடைக்கல் ஏறத்தாழ 11.3 கிராம். தட்டார் வைத்திருக்கும் சிறு தராசு ஒன்றையும், அந்த எடைக்குத் தேய்த்த கூழாங்கற்களையும் அவர் கொண்டுவந்திருந்தார். கம்பியை வெட்டி வெட்டித் தட்டில் போட்டு, முள் நடுவில் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், நான் எழுதியிருந்த ‘பொற்காசு முடிப்பை வீசி எறிந்தான்’ என்ற வாக்கியம் எத்தனை பொய் என்று உறைத்தது.

மயிலைப் பற்றி ஒருவர் ஆசையோடு கேட்டார். விவிலிய அரசன் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று கால்டுவெல் கருதினார், அந்தச் சொல் மயிலையே குறிக்கவில்லை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இதை வைத்துத் தமிழ் வணிகன் ஒருவனைச் சாலொமோனின் அவைக்கே கொண்டுவந்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி, பயிற்றுநர் கடந்துவிட்டார்.

குறை என்று பார்த்தால் பெரியது ஒன்று உண்டு. இவர்கள் எந்தத் தமிழில் பேச வேண்டும் என்ற கேள்விக்குப் பயிற்சி பதில் தரவில்லை. விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ‘இராஜாக்கள்’, ‘நாளாகமம்’, ‘சாலொமோன்’. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ‘அரசர்கள்’, ‘குறிப்பேடு’, ‘சாலமோன்’. எதைத் தேர்ந்தாலும் வாசகர்களில் பாதிப் பேருக்கு அந்நியமாகத் தோன்றும். எல்லாரையும் தேவாலயத் தமிழில் பேசவைத்தால் கல் வெட்டும் தொழிலாளியும் பிரசங்கியாகிவிடுகிறான். இத்தனைக்கும் இதே கதைக்குள் மொழிச் சிக்கலுக்கு அருமையான காட்சி இருக்கிறது. மதிலருகே வந்து நிற்கும் அசீரியத் தலைவன் ரப்சாக்கேயிடம், மக்களுக்குக் கேட்கும்படி யூத மொழியில் பேசாதீர், எங்களுக்குப் புரியும் அரமேய மொழியில் பேசும் என்று எசேக்கியாவின் அதிகாரிகள் கெஞ்சுகிறார்கள். அவனோ வேண்டுமென்றே யூத மொழியில் உரத்துக் கத்துகிறான். எம்ஆர்டி ரயில் பெட்டியில் யாருக்கும் புரியாது என்று நம்பித் தமிழில் எதையோ பேசிவிட்டு, எதிரில் இருப்பவர் புன்னகைப்பதைக் கண்டு விழித்த எவருக்கும் இந்தக் காட்சி விளங்கும். இதை ஒரு முழு வகுப்பாக வைத்திருக்க வேண்டும். கடைசி நாளில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினார்கள்.

மற்றவை நிர்வாகக் குறைகள். இரண்டு வகுப்புகள் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கின. நகலெடுத்துக் கொடுத்த தாள்களில் வரைபடங்கள் கறுப்புத் திட்டுகளாக இருந்தன. குளிரூட்டியைக் குறைக்க வழியில்லாததால் பாலைவனக் காட்சியைச் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு எழுதினோம். கூடுதலாக 60 வெள்ளி கட்டினால் இருபது பக்கக் கைப்பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்வதாக அறிவித்திருந்தார்கள். ஐந்து வாரம் கழித்து வந்த பிரதியில் பெரும்பாலும் ஒற்றுப்பிழைத் திருத்தங்கள்தான். பதினான்காம் பக்க ஓரத்தில் மட்டும் பென்சிலால், “நான்கு நாழிகை பாறை வெட்டியவனுக்குத் தாகம் எடுக்காதா? தண்ணீர் யார் கொண்டுவருகிறார்கள்?” என்று எழுதியிருந்தது. அதற்கு விடை தேடப்போய்த்தான் தண்ணீர் சுமக்கும் ஒரு சிறுமி கதைக்குள் வந்தாள். இப்போது அவளுக்கு மூன்று அத்தியாயங்கள் ஆகிவிட்டன.

அடுத்த தொகுதி ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்குப் பிறகு தொடங்கும் என்றார்கள். சேர்பவர்கள் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் கையோடு கொண்டுபோகவும். கைப்பிரதி வாசிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் படிக்கப்போவது பயிற்றுநரா, வேறு யாராவதா என்று கேட்டுக்கொள்ளவும். கம்பளிச் சட்டையையும் மறக்க வேண்டாம்.