லித்தியம் 300 மி.கி.: பாதி மருந்து மாத்திரையில், மீதி ரத்தப் பரிசோதனையில்

பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய்க்குப் புதிய மருந்துகள் எத்தனையோ வந்துவிட்டன. இருந்தும் நோய் திரும்பாமல் காப்பதிலும் தற்கொலையைத் தடுப்பதிலும் லித்தியம் கார்பனேட் அளவுக்கு நீண்ட காலச் சான்றுள்ள மருந்து வேறில்லை. விலையும் குறைவு; தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. தயங்காமல் பரிந்துரைக்கலாம், ரத்தத்தில் லித்தியத்தின் அளவை (லெவல்) பார்ப்பதாக இருந்தால் மட்டும். அது இல்லாமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. மெல்போர்னை அடுத்த பண்டூராவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் கினிப் பன்றிகளுக்கு லித்தியம் உப்பை ஊசியில் ஏற்றினார். மல்லாக்கப் போட்டாலும் துள்ளி எழாமல் அவை அமைதியாகக் கிடந்தன. தானே விழுங்கிப் பார்த்துவிட்டு மேனியா (இந்த நோயில் வரும் கட்டுக்கடங்காத உற்சாகமும் கொந்தளிப்பும்) நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்தார். 1949-இல் முடிவுகளை வெளியிட்டார். ஐந்து ஆண்டுகளாக அடங்காத கொந்தளிப்பில் இருந்த முதல் நோயாளி தெளிந்து வீடு திரும்பினார். ஆனால் அவரே 1950-இல் லித்தியம் நஞ்சேறி இறந்தார். அதே 1949-இல் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக விற்ற லித்தியம் குளோரைடும் உயிர்களைப் பறித்தது. டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷோவ் 1954-இல் முறையான ஆய்வை வெளியிட்டார். ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் பழக்கம் வந்த பிறகே மருந்து மீது நம்பிக்கை பிறந்தது. அமெரிக்கா அனுமதி தந்தது 1970-இல்தான்.

கடையில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும்: 300 மி.கி. சாதா மாத்திரை, 400 மி.கி. எஸ்.ஆர். என்ற மெதுவாகக் கரையும் மாத்திரை. சாதா வகை சீக்கிரம் ரத்தத்தில் ஏறுவதால் குமட்டலும் கை நடுக்கமும் கூடுதல். எஸ்.ஆர். அந்த ஏற்றத்தைத் தணிக்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கு தரும். எஸ்.ஆர். மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிட்டால் மெதுவாகக் கரையும் தன்மையே போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் 'அது இல்லை, இதை வாங்கிக்கோங்க' என்று வகையை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மருத்துவரே மாற்றினாலும் மறுபடி லெவல் பார்க்க வேண்டும்.

அந்த லெவல் டெஸ்டில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கடைசி மாத்திரை சாப்பிட்டுச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணி. காலை வேளை மாத்திரையும் உண்டென்றால், ரத்தம் கொடுத்த பிறகே அதைச் சாப்பிட வேண்டும். விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். இன்னொன்று லேப்காரர்களுக்கானது: பச்சை மூடிக் குழாய்களில் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசியிருக்கும். அதில் எடுத்தால் குழாயில் உள்ள லித்தியமும் சேர்ந்து கணக்காகி, நல்லபடியாக இருப்பவருக்கும் நஞ்சேறியதாக ரிப்போர்ட் வரும். நேரமும் குழாயும் சரியாக இருந்தால், நோய் திரும்பாமல் காக்க 0.6 முதல் 0.8 வரை (லிட்டருக்கு மில்லிமோல்) போதும். மேனியா உச்சத்தில் இருக்கும்போது 1.0 வரை கொண்டுபோவார்கள். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. வேலை செய்யும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி இவ்வளவுதான். தொடங்கியதும், அளவு மாற்றும்போதும் ஒரு வாரத்தில் பார்க்க வேண்டும்; நிலையான பிறகு முதல் ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, கால்சியம் மூன்றும் 6 மாதத்துக்கு ஒருமுறை.

சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. உப்பைக் குறைத்திருந்த அந்த இதய நோயாளிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆகவே கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டும் வேலை, வாந்தி பேதி, தண்ணீரும் அருந்தாத விரதம் எல்லாமே, நேற்றுவரை சரியாக இருந்த அதே மாத்திரையை நஞ்சாக்கக் கூடியவை. உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். மூட்டு வலிக்கு டைக்ளோபினாக், இபுப்ரோபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு, எனலாப்ரில், டெல்மிசார்டன் மூன்றுமே லெவலைக் கூட்டும். பிரஷருக்குப் பார்க்கும் மருத்துவரிடம் லித்தியம் சாப்பிடுவதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

தொந்தரவுகள் உண்டு. தாகம், அடிக்கடி சிறுநீர், விரல்களில் மெல்லிய நடுக்கம், எடை கூடுதல் ஆகியவை பரவலானவை. தைராய்டு குறைந்தால் அதற்குத் தனி மாத்திரை சேர்த்து லித்தியத்தைத் தொடரலாம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கும் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. பல ஆண்டுகள் எடுப்பவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் தளர்வதையும் மறைக்கக் கூடாது.

டம்ளரைப் பிடிக்க முடியாத அளவு நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, வாந்தியோடு குழப்பம் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரமில்லாத வேளையில் 'இப்போ நல்லா இருக்கு' என்று நீங்களாக ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். மேனியா முன்பைவிட வேகமாகத் திரும்பும். மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் வரை படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.