85,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பொய் ஊசி அட்டை

அமெரிக்காவில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போக விண்ணப்பித்து, கொழும்பில் இன்டர்வியூ திகதி வந்து, இப்போது விசா மெடிக்கலுக்கு (உடற்பரிசோதனைக்கு) ஓடித் திரிகிறவர்கள் யாராவது இருந்தால் இதை வாசியுங்கள். நான் 85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்துபோய் இருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. நான் பிளேன் ஏறும்வரை வம்பு வேண்டாம் என்கிறார் என் கணவர். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல் மாடியில், 'விசா ஆவண உதவி' என்று போர்டு போட்ட இடம் என்பதோடு விடுகிறேன். விளம்பரத்தைப் பார்த்தது போனில்தான், எல்லோரும் படம் போடுகிற ஒரு தளத்தில்.

நான் கிளிநொச்சி. 1995இல் பிறந்தவள். இன்டர்வியூ கடிதத்தோடு வந்த அறிவுறுத்தலில் தடுப்பூசிப் பதிவுகள் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தது. 'இருந்தால்' என்ற அந்தச் சொல்லை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. ஊசிகளைப் பதிந்த என்னுடைய கிளினிக் அட்டை 2009 போரில் போனது. அட்டை என்ன, வீட்டுக் கூரையே இல்லாமல் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். அம்மா கொண்டுவந்த பையில் பிறப்புச் சான்றிதழ் மட்டும் இருந்தது, அதுவும் பாதி நனைந்து. இப்போது அட்டை இல்லை என்று விசாவை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு இரவு நித்திரை இல்லை. அந்தப் பயத்தோடுதான் அந்தப் படியில் ஏறினேன்.

உள்ளே இருந்தவர் நாற்பது வயது மதிக்கலாம். நெற்றியில் திருநீறு, மேசையில் சின்னப் பிள்ளையார். "தங்கச்சி எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "அட, நான் பரந்தன்!" என்றார். எங்கள் பக்கத்து ஊர். அவ்வளவுதான், நான் கவிழ்ந்துவிட்டேன். அட்டை தொலைந்த கதையைச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். தங்களுடைய சாமான்களும் இரணைப்பாலையில் போனது என்றார். உண்மையோ பொய்யோ, கடவுளுக்குத்தான் தெரியும். "எங்கட சனத்துக்கு இதுதான் பிரச்சினை தங்கச்சி. அட்டை இல்லாட்டி எம்பசியில நேர ரிஜெக்ட். நீங்க யோசிக்காதேங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

கணக்கு இப்படி. மெடிக்கலுக்கு 'முன்னுரிமைத் திகதி' எடுக்க 30,000. மெடிக்கல் பக்கேஜ் 40,000. ஊசி அட்டை 15,000. மொத்தம் 85,000. இவர் நியூ ஜெர்சியில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு. தந்த ரிசீட்டில் 'ஆவண உதவி' என்று இரண்டு சொல், கீழே தொகை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. அதையும் நான் மடித்து பேர்ஸில் வைத்தேன், பெரிய பத்திரம் மாதிரி.

பக்கேஜில் என்ன இருந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். எச்.ஐ.வி பரிசோதனை, 'எம்பசி கட்டாயம்' என்று. அமெரிக்கக் குடியேற்ற மெடிக்கலில் அதை 2010 ஜனவரியிலேயே எடுத்துவிட்டார்கள். கொவிட் பூஸ்டர் சான்றிதழ், அதுவும் கட்டாயமாம். கொவிட் ஊசிக் கட்டாயமே 2025இல் போய்விட்டது. ஒரு லாபுக்குக் கூட்டிப்போய் இரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஒரு டொக்டர் ஐந்து நிமிடம் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். அறிக்கையைக் கண்ணாடி பைலில் போட்டு, தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டி, கையில் தந்தார்கள். "ஒரு வருசம் செல்லும்" என்றார் பரந்தன்காரர். உண்மையில் சரியான இடத்தில் செய்த மெடிக்கலே பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. எக்ஸ்ரேயில் காசநோய் விஷயம் ஏதும் இருந்தால் அதுவும் மூன்று மாதமாகக் குறையும்.

திங்கட்கிழமை ஊசி அட்டை வந்தது. பழைய அட்டை மாதிரியே, மங்கின காகிதம், ஒரு அரசாங்கக் கிளினிக்கின் முத்திரை. எனக்கு எந்த ஊசியும் விடுபடவில்லை என்று காட்டியது! மாமி வீட்டுக்கு மேல் மாடியில் ஓய்வுபெற்ற மிட்வைஃப் அன்ரி ஒருவர் இருக்கிறார். சந்தோஷத்தில் அவருக்குக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர், "பிள்ளை, இது எங்க எடுத்தனீ?" என்றார். அட்டையில் 1996இல் எம்.எம்.ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் ஒரே ஊசி) என்று இருந்தது. அரசாங்கக் கிளினிக்குகளில் பிள்ளைகளுக்கு எம்.எம்.ஆர் போடத் தொடங்கியதே 2011இல், அதற்கு முன் எங்களுக்கெல்லாம் சின்னமுத்து ஊசிதான் என்றார். ஹெபடைட்டிஸ் பி ஊசியும் எனக்கு 1995இல் போட்டதாக இருந்தது. அது அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது 2003இல். "இதைக் கொண்டுபோய்க் குடுத்தியோ, நீயே உன்னைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 85,000 போனது ஒரு பக்கம். இந்த அட்டையை நான் நீட்டியிருந்தால்? பொய் ஆவணம் கொடுத்து விசா எடுக்கப் பார்த்ததாகத் தெரிந்தால் ஒரு மறுப்போடு முடியாது, வாழ்நாள் தடைகூட வரலாம். இவர் என்னைக் கூப்பிட ஐ-130 என்ற மனுவைப் போட்டு, நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்த காலம் எல்லாம் ஒரு பொய் முத்திரையில் போயிருக்கும்.

அன்றிரவே போன் எடுத்தேன். "சேர் மீட்டிங்." அடுத்த நாள், "சேர் யாழ்ப்பாணம் போயிட்டார்." புதன்கிழமை நேரே போனேன். பரந்தன்காரர் உள்ளே இருக்கிறார், கண்ணாடியூடாகத் தெரிகிறது, வரவேற்பில் இருந்த பிள்ளை "இல்லை" என்கிறது. வட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நான் வாசலிலேயே ஒன்றரை மணித்தியாலம் நின்ற பிறகு வெளியே வந்தார். தங்கச்சி எல்லாம் போய் 'மிஸ்' ஆகிவிட்டேன். "மிஸ், நாங்க சேர்விஸ் செய்திட்டம். நீங்கதானே அட்டை கேட்டனீங்கள்?" என்றார். நான் தொலைந்த அட்டைக்குப் பிரதி கேட்டேன், பொய் அட்டை கேட்கவில்லை என்றேன். "அப்ப பொலிஸுக்குப் போங்கோ, பொய் அட்டைக்குக் காசு குடுத்தது நான் எண்டு சொல்லுங்கோ" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 85,000இல் ஒரு சதம் திரும்பி வரவில்லை.

சரி, இனி உண்மையில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தூதரகம் அங்கீகரித்த டொக்டர் செய்தால் மட்டுமே மெடிக்கல் செல்லும். அந்தப் பட்டியல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் விசா இணையத்தளத்தில், கொழும்புக்கான பக்கத்தில், காசில்லாமல் கிடக்கிறது. வேறு எவ்வளவு பெரிய டொக்டர் பார்த்தாலும், எவ்வளவு நல்ல எக்ஸ்ரே என்றாலும் அது வெறும் காகிதம். பட்டியலில் உள்ள இடத்துக்கு நானே போன் எடுத்தேன். பாஸ்போர்ட், இன்டர்வியூ கடிதம், போட்டோ கொண்டுவரச் சொல்லி இன்றைக்குத் திகதி தந்தார்கள். 30,000 கொடுத்து வாங்கிய 'முன்னுரிமை'யை விட இது வேகம்.

இன்று போனேன். பயந்து பயந்து, அட்டை போரில் போய்விட்டது என்று உண்மையைச் சொன்னேன். அந்த டொக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பரவாயில்லை, வேண்டியதை இப்போதே போடலாம்" என்றார். இவ்வளவுதான் விஷயம்! பல தடவை போடவேண்டிய ஊசிக்கும் இப்போதைக்கு ஒன்று போட்டால் போதுமாம், மிச்சத்துக்குக் கால இடைவெளி காணாது என்று டி.எஸ் 3025 என்ற தடுப்பூசிப் படிவத்தில் அவரே குறிக்கிறார். சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்ததைச் சொன்னேன், கேட்டு எழுதிக்கொண்டார், அந்த ஊசியே தேவைப்படவில்லை. எந்த அட்டை இல்லை என்று நான் இரண்டு இரவு விழித்திருந்தேனோ, அதை அவர்கள் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

நிறைய ஆலோசனை எழுதவேண்டும் என்றுதான் தொடங்கினேன், களைத்துவிட்டேன். அவசரத்துக்கு இவை: பட்டியலில் பெயர் இல்லாத இடத்தில் ஒரு எக்ஸ்ரேகூட எடுக்காதீர்கள். மெடிக்கல் காசை அந்த கிளினிக்கிலேயே கட்டுங்கள், இடையில் யாருக்கும் வேண்டாம். ஊர் கேட்டுக் கதைக்கத் தொடங்கினால் எழும்பி வாருங்கள். கர்ப்பமாக இருந்தால் ஊசிக்கு முதலே டொக்டரிடம் சொல்லுங்கள், எம்.எம்.ஆர் போடமாட்டார்கள். மூடிய உறை தந்தால் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள், அப்படியே இன்டர்வியூவுக்குக் கொண்டுபோங்கள். ரிசீட்டில் என்ன சேவை என்று முழுதாக எழுதி வாங்குங்கள். என்னுடைய 'ஆவண உதவி' ரிசீட்டை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குத் திங்கட்கிழமை எடுக்கப்போகிறேன், பொலிஸுக்கும் மாமாவோடு போவேன். பொய் அட்டையைக் கிழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி என்கிறார் மாமா.

இடது கையில் இரண்டு, வலது கையில் ஒன்று, மூன்று ஊசி. ஏற்புவலி ஊசி போட்ட இடம் கல்லுமாதிரி வீங்கிக் கிடக்கிறது, இதற்கு மேல் தட்டச்சு செய்ய முடியவில்லை.