முதல் வேலைக்கு எந்த ஊர்? மண்டபம் கரையிலிருந்து ஒரு கணக்கு

அக்கா மகள் கணினி அறிவியலில் பட்டப்படிப்பை முடித்திருக்கிறாள். கையில் இரண்டு அழைப்புகள் இருக்கின்றன. ஒன்று சென்னையில், ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து. மற்றது மதுரையில் ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து. “மாமா, நீங்கள் சென்னையிலும் இருந்தீர்கள், கோயம்புத்தூரிலும் இருந்தீர்கள். நான் எங்கே போகட்டும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவிலிருந்து தொண்டி வரைக்கும், கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரைக்கும் எத்தனையோ வீடுகளில் இப்போது இதே பேச்சுதான் நடந்துகொண்டிருக்கும்.

எல்லோரும் சம்பளத்தை வைத்து ஊரை எடை போடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. அந்த ஊரில் முதல் வேலை போய்விட்டால், அடுத்த மாத வாடகை கட்டுவதற்குள் இரண்டாவது வேலை கிடைக்குமா?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இயந்திரவியல் படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஏழாவது மாதம் ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி எங்கள் ஷிஃப்டையே நிறுத்திவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. காலையில் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். பதினெட்டாவது நாள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இன்னொரு வேலை கிடைத்தது. என்னோடு படித்த நண்பன் ஒருவன் ஒற்றை ஆலையை நம்பியிருந்த ஒரு சிற்றூருக்குப் போயிருந்தான். அந்த ஆலை மூடப்பட்டபோது அவனுக்குத் தட்டுவதற்கு வேறு கதவு இல்லை. ஊருக்கு வந்தவன் இரண்டு ஆண்டுகள் வெளியே போகவே இல்லை. அவன் என்னைவிட நன்றாகப் படித்தவன்.

இந்த அளவுகோலில் சென்னைக்கு ஈடு கிடையாது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்கா வரை பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கணினி வேலைதான். இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று கார், லாரி, மின்னணுத் தொழிற்சாலைகள். துறைமுகம், மருத்துவமனைகள், வங்கித் தலைமையகங்கள் எல்லாம் அதற்கு மேல். பி.காம். படித்தவருக்கும் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவருக்கும் அங்கே ஏதோ ஒரு கதவு உண்டு.

கோயம்புத்தூர் வேறு மாதிரி. அங்கே கதவுகள் சிறியவை, ஆனால் நெருக்கமானவை. பம்ப்செட், மோட்டார், வெட் கிரைண்டர், நூற்பாலை இயந்திரம், அவற்றுக்கான பவுண்டரி, பேட்டர்ன், லேத் பட்டறைகள். கணபதி, பீளமேடு பக்கம் ஒரு தெருவில் நடந்தால் காது நிறைய இயந்திரச் சத்தம் கேட்கும். நான் மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன். நான் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி காலை எட்டு மணிக்கு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பார். வரைபடத்தை அவர் கையால் திருத்துவார், உலோகத்தைத் தொட்டுப் பார்த்துக் குறை சொல்வார். சென்னையின் பெரிய ஆலையில் ஓராண்டு முழுக்க ஒரே போல்ட்டை இறுக்குவதைச் சரிபார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கோவையில் ஓர் ஆண்டில் கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதவும், அச்சு வடிவமைக்கவும், விலைப்புள்ளி தயாரிக்கவும் வந்துவிட்டது. டிப்ளமோவோ இயந்திரவியலோ மின்னியலோ படித்துவிட்டுக் கையால் வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கோவையைச் சொல்வேன். சரவணம்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் கணினி நிறுவனங்களும் வளர்ந்திருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையில் சென்னையோடு ஒப்பிட முடியாது.

தூத்துக்குடியை நம் பிள்ளைகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. இது எனக்கு ஆதங்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, சாயல்குடி வழியாக ஒரே பஸ்ஸில் போய்விடலாம். வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சரக்குப் பெட்டக முனையங்கள், சுங்க முகவர் அலுவலகங்கள், மீன் ஏற்றுமதி நிறுவனங்கள், அனல்மின் நிலையம். 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையும் திறந்திருக்கிறது. பி.காம். முடித்துவிட்டு ஏற்றுமதி ஆவணங்களில் இரண்டு ஆண்டு பழகியவர் அதே வேலையைச் சென்னையிலும் கொச்சியிலும் துபாயிலும் செய்யலாம். துறைமுகத் தொழிலில் நுழைய விரும்புகிறவருக்கு இது நல்ல வாசல். ஆனால் மென்பொருள் படித்தவருக்கு அங்கே இரண்டாவது கதவு அரிது.

மதுரையைப் பற்றிச் சொல்லும்போது அக்கா முகம் வாடுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். உயர் நீதிமன்றக் கிளை 2004இலிருந்து அங்கே இருப்பதால் சட்டம் படித்தவருக்கு மதுரை நல்ல ஊர். மருத்துவமனைப் பணிக்கும், ஆடிட்டரிடம் பயிற்சி எடுப்பவருக்கும் அப்படியே. கணினித் துறைக்கு இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அரசின் எல்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உண்டு. ஆனால் முதல் அலுவலகம் பிடிக்காமல் போனால் மாறிச் செல்லும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைத் தெரிந்துகொண்டே சில முதலாளிகள் சம்பளத்தைப் பல ஆண்டுகள் ஏற்றாமல் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பணம். மருமகளுக்கு வந்த சென்னை அழைப்பில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று போட்டிருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 29 ஆயிரம் என்று மகிழ்ந்தாள். அது கைக்கு வராது. நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை, காப்பீடு, ஆண்டு முடிவில் ‘தரக்கூடும்’ என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அந்த மூன்றரை லட்சத்துக்குள்தான் அடங்கியிருக்கும். அவள் பங்கு வைப்பு நிதியையும் பிடித்துக்கொள்வார்கள். வங்கிக் கணக்கில் 23 அல்லது 24 ஆயிரம் விழும் என்று வைத்துக்கொள்ளலாம். மதுரையில் சொன்னது மாதம் 14 ஆயிரம், பிடித்தம் எதுவும் இல்லை. பிடித்தம் இல்லை என்பதைச் சலுகை போலச் சொன்னார்களாம். வைப்பு நிதியும் இல்லை, ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடும் இல்லை என்பதுதான் அதன் பொருள். 21 ஆயிரத்துக்குள் சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. எவ்வளவு பெரிய துணை என்று, ஒருமுறை மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்த எனக்குத் தெரியும். வைப்பு நிதிக் கணக்கு எண், அடுத்த நிறுவனத்தில் அனுபவத்துக்குச் சான்றாகவும் நிற்கும்.

செலவை எடுத்துக்கொண்டால், ஓஎம்ஆர் பக்கம் மூன்று பேர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டோடு 8 முதல் 10 ஆயிரம் ஆகும். மதுரையில் 5 அல்லது 6 ஆயிரத்தில் முடித்துவிடலாம். பெண் பிள்ளைகளுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. இடம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பஸ், போன், சில்லறைச் செலவு எல்லாம் கழித்தாலும் சென்னையில் 9 ஆயிரம் மிஞ்சும், மதுரையில் 5 ஆயிரம். வாராவாரம் வீட்டுக்கு வந்து போனால் அந்த ஐந்திலும் ஒரு பகுதி பஸ்ஸிலேயே போய்விடும்.

ஆனால் நம் கரையில் இந்த மாதக் கணக்கைவிடக் கடினமான கணக்கு ஒன்று உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய, 61 நாட்கள். கல்லூரிகளில் கடைசித் தேர்வு நடப்பதும், முடிவு வருவதும், நிறுவனங்கள் சேரச் சொல்லிக் கடிதம் அனுப்புவதும் சரியாக அதே நாட்களில்தான். மற்ற ஊர்ப் பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் முப்பதாயிரம் கேட்கும். நம் பிள்ளை கேட்கும் நேரத்தில் படகு கரையேறியிருக்கும். தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு அரசு தருவது 8,000 ரூபாய். மச்சான், அவள் அப்பா, படகுக்காரர்கூட இல்லை, பிறர் படகில் பங்குக்குப் போகிறவர். வலை பின்னும் கூலியில் வீடு ஓடுகிறது.

விடுதி முன்பணம், முதல் மாத வாடகை, இரண்டு செட் உடை, பாய், தலையணை, முதல் சம்பளம் வரும்வரை நாற்பது நாள் செலவு. எப்படிச் சுருக்கினாலும் சென்னைக்கு 25 ஆயிரத்துக்குக் குறையாது, மதுரைக்கு 12 போதும். உண்மையைச் சொன்னால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மதுரையைத் தேர்ந்தெடுப்பது அந்த ஊர் பிடித்து அல்ல, இந்த 13 ஆயிரம் இல்லாமல்தான். நகையை அடகு வைத்துப் போனவர்களும் இருக்கிறார்கள். நான் போனது என் அம்மாவின் காதுத் தோட்டில். அதை மீட்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

அதனால் மருமகளிடம் முதலில் சொன்னது ஊரைப் பற்றி இல்லை. நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, சேரும் நாளை ஜூலை முதல் வாரத்துக்குத் தள்ளித் தர முடியுமா என்று கேட்கச் சொன்னேன். கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. படகு கடலுக்குள் இறங்கி இரண்டு மூன்று மீன்பாடு நன்றாக அமைந்தால் பாதிப் பணம் புரளும். மீதியை நான் தருகிறேன். கல்லூரியின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் இந்த மாதமே அஞ்சலகத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, முடிந்ததைப் போட்டு வைக்கட்டும்.

ஊருக்கு வந்து போகும் வழியிலும் சென்னை மோசமில்லை. தொலைவு சுமார் 600 கிலோமீட்டர் என்றாலும், இராமேசுவரத்தில் மாலையோ இரவோ ரயில் ஏறினால் காலையில் தாம்பரம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதும் தீவுப் பிள்ளைகள் மூட்டையோடு மண்டபம் வந்து ஏற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது, அந்தக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். தீபாவளிப் பயணத்துக்கு ஒரு நாள் தாமதித்தாலும் காத்திருப்போர் பட்டியல்தான். கோவைக்குத் தொலைவு குறைவு, ஆனால் நான் போன நாட்களில் மதுரையில் இறங்கி மாறித்தான் போனேன். இரவு இரண்டு மணிக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை.

கோவையில் என்னை வாட்டிய இன்னொன்று மீன். தண்ணீர் தேன்தான், சிறுவாணி. மனிதர்களும் மரியாதைக்காரர்கள். நாம் இயல்பாகப் பேசுவதே அவர்களுக்குச் சண்டை போலக் கேட்கும், நான் குரலைத் தணிக்க ஆறு மாதம் ஆயிற்று. ஆனால் கரையில் துடிக்கும் நகரை மீனையும் பாறை மீனையும் தின்று வளர்ந்த நாக்கு, ஐஸில் நாலு நாள் கிடந்ததை ஏற்கவில்லை. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போனால் நம் கடல் மீன் மாதிரியே வாங்கலாம். வாடைக்காற்றும் அங்கே அடிக்கும். இது சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் ஆறு மாதத்தில் ஊருக்கு ஓடிவந்துவிடுபவர்கள் வேலைக்கு அஞ்சி ஓடிவருவதில்லை.

வளைகுடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ‘சென்னை எதற்கு, நேரே துபாய் போ’ என்பார்கள். மாமாவோ சித்தப்பாவோ அங்கே நிறுவனத்துக்குள்ளேயே இருந்து அழைத்தால் போகலாம். ஏஜென்ட்டை நம்பிப் படிப்பு முடிந்த கையோடு போக வேண்டாம். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் வேலைக்கு வெளிநாடு போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பது விதி. அதைப் பெருமையாக நினைக்கிறோம். நம் ஒப்பந்தத்தைக் கிளம்பும் முன் அரசாங்கத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அதன் மறுபக்கம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 1978 முதல் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது, முதலில் அங்கே விசாரிக்கலாம். இங்கே இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு போகிறவருக்கும் வெறும் சான்றிதழோடு போகிறவருக்கும் அங்கே கிடைக்கும் மரியாதையும் சம்பளமும் ஒன்றல்ல.

இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கடல்சார் உயிரியல் படித்தவராக இருந்தால் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது, திட்டப் பணிகளுக்குத் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். கடற்பாசித் தொழிலும் வளர்கிறது. மற்றப் படிப்புகளுக்கு இந்த மாவட்டத்தில் முதல் வேலை கிடைப்பதே அரிதாக இருக்கும்போது இரண்டாவது வேலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மருமகளுக்கு என் பதில் சென்னை. அவள் அண்ணன் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு மீன் கம்பெனியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கோவை, அதுவும் உடனே. என் பழைய முதலாளியிடம் பேசிவிட்டேன்.

அக்கா மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் போட்ட கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “மீன்வளத் துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போன மனிதர் மறுநாள் திரும்பவில்லை என்றால், மதுரையில் இருந்தால் மூன்று மணி நேரத்தில் என் பக்கத்தில் இருப்பாள். சென்னையிலிருந்து அவள் வந்து சேரும்வரை நான் யாரோடு கரையில் நிற்பது?” என்று கேட்டாள். நாங்கள் அப்படி ஒருமுறை நின்றிருக்கிறோம், அப்பாவுக்காக. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.