அப்ரண்டிஸா, கம்பெனி ட்ரெய்னியா?

தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. முடித்து ஓசூர் சிப்காட்டுக்குப் போகிற பலர் இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

பணம்: அப்ரண்டிஸுக்கு உதவித்தொகைதான், பி.எஃப். கிடையாது. ட்ரெய்னிக்குக் கையில் கூடுதலாக வரலாம். அறை வாடகை, மெஸ் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

தொழில்: ட்ரெய்னியைப் பெரும்பாலும் ஒரே சி.என்.சி. (கணினி இயக்கும்) மெஷினில் நிறுத்திவிடுவார்கள். பீஸை மாட்டு, பட்டனை அழுத்து, கழற்று. ஆஃப்செட் (டூல் நிற்க வேண்டிய அளவு) திருத்த, டூல் மாற்ற, மெஷினைத் தயார்செய்யும் செட்டர் வருவார். ஒரு வருடம் கழித்து இன்டர்வியூவில் அளவெடுக்கும் மைக்ரோமீட்டரைக் கொடுத்தால் கை தடுமாறும். அப்ரண்டிஸுக்குப் பாடத்திட்டம் உண்டு. ஆள் பற்றாக்குறை வந்தால் அதையும் மறந்துவிடுவார்கள். செய்த வேலையை அன்றன்றே லாக்புக்கில் எழுதி வாரம்தோறும் கையெழுத்து வாங்குங்கள்.

சான்று: அப்ரண்டிஸ் தேர்வில் தேறினால் என்.ஏ.சி. (தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ்) கிடைக்கும், ரயில்வே வேலைக்கும் உதவும். ட்ரெய்னிக்கு அனுபவக் கடிதம்தான்.

நிரந்தர வேலை: இரண்டிலும் உத்தரவாதமில்லை.

வீட்டுக்கு உடனே பணம் அனுப்பியாக வேண்டியவர் ட்ரெய்னியாகப் போகலாம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள். ஓராண்டு தாக்குப்பிடிக்க முடிந்தவருக்கு அப்ரண்டிஸ்தான். ஆனால் 1961 அப்ரண்டிஸ் சட்டப்படியான ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். ‘அப்புறம் தருகிறோம்’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.