மேடைக்குப் பின்னால் ஓர் இருக்கை: சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு

ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் சொந்தக்காரர்கள் எங்கெங்கே போகலாம் என்று கேட்டால், முஸ்தபா கடையையும் செந்தோசா தீவையும் அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுவேன். வார இறுதியில் ஒரு சாயங்காலத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்பேன். அன்றைக்கு சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழுவின் கச்சேரி இருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, "அதெல்லாம் நேரில் கேட்டால் எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தக் குழு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜூரோங் தொழிற்பேட்டையைக் கட்டி எழுப்பிய, அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீதான் இதற்கும் பின்னால் நின்றவர். தொழிற்சாலையும் துறைமுகமும் இருந்தால் போதும், சங்கீதம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைக்கவில்லை. 1979 ஜனவரி 24 அன்று, ஷென்டன் வே பக்கம் உள்ள சிங்கப்பூர் கான்ஃபரன்ஸ் ஹாலில் முதல் கச்சேரி நடந்தது. மேடையில் 41 பேர். கண்டக்டர், அதாவது முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்துபவர், சூ ஹோய். உள்ளூரில் தேர்ந்த கலைஞர்கள் அப்போது போதுமான அளவில் இல்லாததால் வெளிநாட்டிலிருந்தும் ஆட்களை வரவழைத்தே குழுவை அமைத்தார்கள். இன்று 90க்கும் மேற்பட்டவர்கள் வாசிக்கிறார்கள். 2003ல் தொடங்கிய யோங் சியூ தோ இசைக் கல்லூரி போன்ற இடங்களில் படித்துவிட்டு வரும் உள்ளூர்ப் பிள்ளைகளும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் இது நடந்திருக்கிறது. எனக்கு இதில் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

சூ ஹோய்க்குப் பிறகு 1997ல் வந்தவர் லான் ஷுய். 2019 வரை இருந்தார். குழுவின் பெயர் வெளியே தெரிந்தது அவர் காலத்தில்தான். 2014ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் என்ற பெரிய இசை விழாவில் வாசித்தார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பிஸ் என்ற ஸ்வீடன் நிறுவனத்துக்காக அவர்கள் செய்த செரெப்னின் பதிவுகள். இசையமைப்பாளர் அலெக்ஸாண்டர் செரெப்னின் ரஷ்யாவில் பிறந்தவர், 1930களில் சீனாவிலும் ஜப்பானிலும் வாழ்ந்தவர், சீனப் பியானோ கலைஞர் ஒருவரை மணந்தவர். ஐரோப்பிய வடிவத்துக்குள் ஆசியச் சுரவரிசைகளை வைத்து எழுதினார். அவருடைய நான்கு சிம்பொனிகளையும் ஆறு பியானோ கான்செர்டோக்களையும் (பியானோவை முன்னிறுத்திக் குழு சேர்ந்து வாசிப்பவை) முழுவதுமாகப் பதிவு செய்தார்கள். எல்லாரும் வாசிக்கிற பீத்தோவனையே திரும்பப் பதிவு செய்யாமல், நம் பக்கத்துக்கு உறவானவர் ஒருவரைத் தேடி எடுத்தார்கள் பாருங்கள், ஓர் ஆசிய நகரத்தின் குழு செய்ய வேண்டிய வேலை அதுதான். லான் ஷுய்க்கு அடுத்து 2020ல் ஆஸ்திரியரான ஹான்ஸ் கிராஃப் பொறுப்பேற்றார்.

கச்சேரிகள் பெரும்பாலும் இரண்டு அரங்குகளில். விக்டோரியா கான்சர்ட் ஹால் 1905ல் கட்டியது, மணிக்கூண்டு உள்ள வெள்ளைக் கட்டடம். 1954 நவம்பரில் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டது இந்த இடத்தில்தான். நான்கு வருடப் புதுப்பிப்புக்குப் பிறகு 2014ல் திறந்தபோது இருக்கைகளைக் குறைத்து 673 ஆக்கினார்கள். அந்த இழப்பு ஒலிக்கு நல்லதாகப் போயிற்று. ஹைடன், மொசார்ட் என்றால் நான் இங்கேதான் கேட்பேன். வயலின் வில் கம்பியைத் தொடும் சத்தம்கூட வந்து சேரும். மாலர், ப்ருக்னர் போன்றவர்களின் பெரிய படைப்புகளுக்கு இந்த அரங்கம் சிறியது.

அவற்றுக்கு எஸ்பிளனேட் கலையரங்கம். 2002ல் திறந்தது, முள்ளுப் பழமான டுரியான் மாதிரி இருப்பதால் எல்லாரும் டுரியான் என்று சொல்லும் அந்தக் கட்டடம். நவம்பர் மாதம் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா நடக்கும்போது நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே போகிறோம். ஆனால் சிம்பொனிக்கு அவ்வளவு பேர் வருவதில்லை என்பது என் வருத்தம். அரங்கின் ஒலியமைப்பு அமெரிக்க ஒலியியல் நிபுணர் ரஸ்ஸல் ஜான்சனுடையது. மேடைக்கு மேலே தொங்கும் பெரிய விதானத்தை ஏற்றி இறக்கலாம். சுவர்களுக்குப் பின்னால் எதிரொலி அறைகள் இருக்கின்றன, அவற்றின் கதவுகளை எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பது மாறும். மைக் எதுவும் கிடையாது. அத்தனை பெரிய கூடத்தில் ஒற்றைக் கிளாரினெட் மெல்ல வாசிப்பது கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறது.

இப்போது டிக்கெட் விஷயம். பலரும் முன்வரிசைக்கு ஆசைப்படுவார்கள். வேண்டாம். முன்னால் உட்கார்ந்தால் வயலின்காரர்களின் முதுகும் காலணியும்தான் தெரியும், பின்னால் இருக்கும் ஊதுகருவிகள் மறைந்துவிடும். எஸ்பிளனேடில் மேடைக்குப் பின்னால், ஆர்கன் என்ற பெரிய குழாய்க் கருவிக்குக் கீழே, கேலரி என்று சுமார் 200 இருக்கைகள் உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கண்டக்டரின் முகம் நேரே தெரியும். அவர் புருவத்தைத் தூக்குவது, இடது கையால் செல்லோக்களை (உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி) அடக்குவது, ஓபோ என்ற ஊதுகருவிக்கு ஒரு நொடி முன்னதாகவே கண்ணால் சைகை காட்டுவது எல்லாம் அந்த இடத்திலிருந்து புரியும்.

டிவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியை நான் அங்கிருந்துதான் பார்த்தேன். அதில் தாளத்தட்டுக்கு (சிம்பல்) மொத்தமே ஒரே ஓர் அடிதான், கடைசிப் பகுதியில், அதுவும் மெல்லிசாக. அதற்காக ஒரு கலைஞர் அவ்வளவு நேரம் காத்திருக்கிறார். டிம்பனி என்ற பெரிய முரசு வாசிப்பவர் குனிந்து, தோலுக்குக் காதைக் கொடுத்து, விரலால் லேசாகத் தட்டி, கால் மிதியால் சுருதியை மாற்றிக்கொள்கிறார், சுற்றிலும் மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே! ஹார்ன்காரர்கள் குழாயைக் கழற்றி, மூச்சால் சேர்ந்த தண்ணீரை வடிக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு நோட்டு ஸ்டாண்டு, உள்பக்கம் இருப்பவர்தான் தாளைப் புரட்ட வேண்டும், மற்றவர் விடாமல் வாசிப்பார். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் எவ்வளவு நீளம் என்று மேடையிலேயே முடிவாகும். இங்கே வில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுவரை பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு ஒழுங்குகளும் எனக்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு குறை: பாடகர் இருக்கும் நாளில் கேலரி எடுக்காதீர்கள். குரல் மறுபக்கம் போய்விடும். பியானோ கான்செர்டோவுக்கும் அப்படித்தான், திறந்த மூடி ஒலியை அந்தப் பக்கம் அனுப்பிவிடும்.

காசு கொடுக்காமலும் கேட்கலாம். தாவரவியல் பூங்காவில், பழைய ஆட்கள் பூமலை என்று சொல்வார்களே, அங்கே குளத்து நடுவில் உள்ள ஷா ஃபவுண்டேஷன் மேடையில் இலவசக் கச்சேரிகள் நடத்துகிறார்கள். மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டி நடப்பது பிரபலம். பாய், தண்ணீர் பாட்டில், கொசு மருந்து, குடை இத்தனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வழியாக வரும் ஒலி என்பதால் அரங்கில் கேட்பதற்கு ஈடாகாது. ஆனால் புல்வெளியில் மலாய்க் குடும்பமும் சீனப் பாட்டியும் நம் ஊர்த் தம்பிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதை வேறெங்கே பார்ப்பது? மாலைக் கச்சேரிகளுக்குச் சின்னக் குழந்தைகளை விடமாட்டார்கள். அவர்களுக்கென்றே 'பேபீஸ் ப்ராம்ஸ்' என்று தனி நிகழ்ச்சி இருக்கிறது, கருவிகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

கோட்டு சூட்டு தேவையில்லை. சுடிதார், பாத்திக் சட்டை எல்லாம் சரிதான். குளிர் அதிகம், சால்வை அவசியம். நேரத்துக்குப் போய்விடுங்கள், தாமதமானால் இடைவெளி வரும்வரை கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதியாக இருக்கும், நடுவில் அமைதி வரும்போது கை தட்ட வேண்டாம். கண்டக்டர் கையை இறக்கித் திரும்பிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம்.

எதில் தொடங்குவது என்றால், சாய்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனி நிகழ்ச்சிநிரலில் வரும்போது போங்கள். மூன்றாம் பகுதியில் தந்திக்கருவிக்காரர்கள் அத்தனை பேரும் வில்லைப் பயன்படுத்தாமல் விரலாலேயே மீட்டுவார்கள். கேலரி டிக்கெட் சீக்கிரம் போய்விடும், அறிவிப்பு வந்த வாரமே வாங்கிவிடுங்கள்.