கையில் காசா, காப்பகத்தில் இடமா?

பிள்ளை பெறுவோருக்கு அரசு எப்படி உதவலாம்: பணமாகக் கொடுப்பதா, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் மலிவாக இடம் கொடுப்பதா? கனடாவின் கியூபெக் மாகாணம் இரண்டு வழியையும் பார்த்துவிட்டது. 1988-இல் பிள்ளை பெற்றால் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். உச்சத்தில் மூன்றாவது பிள்ளைக்கு 8,000 டாலர், தவணை முறையில். மூன்றாவது பிரசவங்கள் கூடத்தான் செய்தன. ஆனால் தவணை முடிந்தபின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? பெரும்பாலும் அம்மாதான்.

1997-இல் அதை நிறுத்திவிட்டு, நாளுக்கு 5 டாலரில் குழந்தைகள் காப்பகம் கொண்டுவந்தார்கள். முதலில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு, 2000-க்குள் கைக்குழந்தைகளுக்கும். கடையில் கல்லாவில் நிற்கும் பெண்ணுக்குக்கூட, முதல் ஒரு மணி நேரக் கூலியிலேயே அன்றைய கட்டணம் அடங்கிவிட்டது. வேலைக்குப் போகும் இளம் தாய்மார் நன்றாகவே கூடினார்கள். பிள்ளை எண்ணிக்கை அப்படித் துள்ளவில்லை. 2006-இல் தாராளமான பெற்றோர் விடுப்பு வந்தபிறகு சில ஆண்டுகள் ஏறி, மறுபடி இறங்கியது.

என் ஓட்டு காப்பகத்துக்கே. காசு தாயை வீட்டில் இருத்துகிறது. காப்பகம் அவள் சம்பளத்தைக் காக்கிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது: எல்லாருக்கும் இடம் இல்லை. வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். இரவுப் பணிக்குப் போகும் செவிலியருக்கோ, மாலையில் கதவடைக்கும் காப்பகத்தில் இடம் கிடைத்தும் பாதிப் பயன்தான்.