பேங்க் மாற்றி வாங்கும் போனஸும் வீட்டுக் கடனும்: மூன்று வழிகள், ஓர் அலசல்

பிரிட்டனில் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "பேங்க் மாற்றினால் 175, 200 பவுண்ட் தருகிறார்களே, வாங்கிக்கொள்ளலாமா? அடுத்த வருஷம் வீடு வாங்குகிற யோசனை இருக்கிறது. கிரெடிட் ஸ்கோர் அடிபடுமா?"

அடிபடும். ஆனால் கொஞ்சம்தான், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். வீடு வாங்கப் போகிறவர்கள் ஸ்கோரைவிட அதிகம் பயப்பட வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, மாற்றும் குழப்பத்தில் கட்டாமல் விட்டுப்போகும் ஏதோ ஒரு பில். இன்னொன்று, நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும் ஸ்டேட்மென்ட். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நம் முன்னால் இருக்கும் மூன்று வழிகளையும் எடை போட வேண்டும். சம்பளம் வந்து விழும் அக்கவுண்டையே மாற்றுவது முதல் வழி. அதைத் தொடாமல் தனியாக ஓர் உதிரி அக்கவுண்ட் திறந்து, அதை மட்டும் மாற்றி போனஸ் வாங்குவது இரண்டாவது. எதையும் தொடாமல் இருப்பது மூன்றாவது.

கிரெடிட் ஃபைலில் என்ன பதிவாகிறது?

புது கரண்ட் அக்கவுண்ட் (சம்பளம், அன்றாடச் செலவுக்கான சாதாரண அக்கவுண்ட்) கேட்டு விண்ணப்பித்தால், அந்த பேங்க் எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் ஏஜென்சிகளில் ஒன்றிலோ பலவற்றிலோ நம் ஃபைலை, அதாவது நம் கடன் வரலாற்றை, பார்க்கும். மேலோட்டமாகப் பார்த்தால் அது சாஃப்ட் சர்ச். நமக்கு மட்டும்தான் தெரியும், யாரையும் பாதிக்காது. முழுதாகப் பார்த்தால் ஹார்ட் சர்ச். அதை மற்ற கடன் நிறுவனங்களும் பார்க்கும். ஓவர்டிராஃப்ட், அதாவது கையிருப்புக்கு மேல் எடுக்கும் வசதி, சேர்த்துக் கேட்டால் ஹார்ட் சர்ச் நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது ஃபைலில் ஒரு வருடம், சில ஏஜென்சிகளில் இரண்டு வருடம்வரை இருக்கும். ஆனால் மாதம் ஆக ஆக அதன் கனம் குறைந்துகொண்டே போகும். ஒன்றிரண்டு சர்ச்சுக்காக யாரும் வீட்டுக் கடனை மறுப்பதில்லை. மூன்று மாதத்தில் ஐந்து சர்ச் இருந்தால்தான் இந்த ஆள் பணத்துக்குத் திண்டாடுகிறாரோ என்ற சந்தேகம் வரும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆப்பில் நாம் பார்க்கும் ஸ்கோர் நமக்காகப் போட்டுக் காட்டும் எண்தான். கடன் கொடுக்கும் பேங்க் அந்த எண்ணை வைத்து முடிவு எடுப்பதில்லை. ஃபைலில் இருக்கும் விவரங்களையும் நாம் விண்ணப்பத்தில் எழுதும் விவரங்களையும் சேர்த்துத் தன் சொந்தக் கணக்கைப் போடுகிறது. அதனால் ஸ்கோர் பத்துப் பதினைந்து புள்ளி இறங்கியதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பள அக்கவுண்டையே மாற்றினால்

மூன்றில் சுலபமாகத் தெரியும் வழி இதுதான். 2013 செப்டம்பரில் வந்த கரண்ட் அக்கவுண்ட் ஸ்விட்ச் சர்வீஸ் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஏழு வேலை நாட்களில் சம்பளம், டைரக்ட் டெபிட் (பில் பணத்தை நிறுவனமே நம் அக்கவுண்டிலிருந்து எடுத்துக்கொள்வது), ஸ்டாண்டிங் ஆர்டர் (நாம் குறித்த தொகை தவறாமல் போவது) எல்லாம் புது பேங்குக்கு வந்துவிடும், பழைய அக்கவுண்ட் மூடப்படும். பழைய எண்ணுக்கு யாராவது பணம் அனுப்பினாலும் குறைந்தது மூன்று வருடத்துக்குப் புது அக்கவுண்டுக்குத் திருப்பி விடுவார்கள். அவர்கள் தவறால் ஏதாவது சார்ஜ் விழுந்தால் அதையும் திருப்பித் தந்துவிடுவார்கள்.

ஆனால் அந்த உத்தரவாதத்துக்குள் வராத ஒன்று இருக்கிறது. டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்து மாதாமாதம் எடுக்கச் சொன்ன பணம், அதாவது ஜிம், சந்தா, சில சிம் பிளான் போன்றவை, இதில் மாறாது. பழைய கார்டு செத்த அன்றே அவை நின்றுவிடும். ஜிம் நின்றால் ஓர் ஈமெயில் வரும், அதோடு போயிற்று. மொபைல் கான்ட்ராக்ட் அப்படியல்ல. அது கிரெடிட் ஃபைலில் ஏறும் கணக்கு. ஒரு மாதம் கட்டாமல் போனால் அந்தத் தாமதக் குறி ஆறு வருடம் அங்கேயே இருக்கும். சில மாதங்களில் கனம் குறைந்துவிடும் சர்ச்சுக்குப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அக்கவுண்டை மாற்றும் முன் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டை எடுத்து, டைரக்ட் டெபிட் என்று போடாமல் கார்டு என்று போட்டிருக்கும் வரிகளை மட்டும் பென்சிலால் சுழித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேர வேலைதான்.

அடுத்தது ஸ்டேட்மென்ட். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டும் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். கடன் தரலாமா என்று முடிவெடுக்கும் அண்டர்ரைட்டர் அதை வரி வரியாகப் பார்ப்பார்: சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, வாடகை எவ்வளவு, பிள்ளை பராமரிப்புக்கு எவ்வளவு போகிறது, மாதக் கடைசியில் கையிருப்பு எங்கே நிற்கிறது. இந்த மூன்று மாதத்துக்குள் நீங்கள் பேங்க் மாற்றியிருந்தால் பாதிக் கதை மூடிய அக்கவுண்டில் இருக்கும். மூடியவுடன் பழைய ஆப்புக்குள் நுழைய முடியாமல் போவது சகஜம். எனக்குத் தெரிந்த, லண்டன் ஹாரோவில் இருக்கும் ஒரு தம்பதிக்கு இப்படித்தான் ஆனது. ஜனவரி ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று புரோக்கர் கேட்டார். பழைய பேங்க், தபாலில்தான் அனுப்புவோம் என்றது. அது வந்து சேர்வதற்குள் வீட்டை விற்கிறவரின் ஏஜென்ட் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார். கடன் கிடைத்தது, வீடும் கிடைத்தது. ஆனால் அந்த நாட்களில் அவர்கள் பட்ட பதற்றத்துக்கு 175 பவுண்ட் ஈடாகாது. மாற்றும் பொத்தானை அழுத்தும் முன் குறைந்தது ஒரு வருட ஸ்டேட்மென்டை பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நாட்டுக்கு வந்து இரண்டு மூன்று வருடமே ஆனவர்களுக்கு இந்த முதல் வழியை நான் சொல்லவே மாட்டேன். அவர்களுடைய கிரெடிட் ஃபைல் ஏற்கெனவே மெலிந்தது. வந்ததும் திறந்த அந்த ஒரே அக்கவுண்ட்தான் அதில் இருக்கும் பழைய கணக்கு. சில விண்ணப்பங்களில் இந்த பேங்கில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். அங்கே 'மூன்று வருடம்' என்று எழுதுவதற்கும் 'இரண்டு மாதம்' என்று எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. போனஸை விடுங்கள், இவர்கள் முதலில் செய்ய வேண்டியது வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவது. முறையான விசாவில் இங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற வகையில் பதியலாம். குடியுரிமை வாங்கினால்தான் முடியும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். விலாசத்தை உறுதிசெய்ய கடன் நிறுவனங்கள் முதலில் பார்க்கும் இடங்களில் ஒன்று அந்தப் பட்டியல்.

உதிரி அக்கவுண்ட் வழி

போனஸ் வாங்குவதில் கைதேர்ந்தவர்கள் செய்வது இதைத்தான். சம்பள அக்கவுண்ட் அப்படியே இருக்கும். தனியாக ஒன்றைத் திறந்து, போனஸ் நிபந்தனைக்காக அதில் இரண்டு டைரக்ட் டெபிட் போட்டு, போனஸ் தரும் பேங்குக்கு அதை மாற்றுவார்கள். ஃபைலில் இருக்கும் பழைய கணக்கு பழையதாகவே இருக்கும், வீட்டுச் செலவும் குழம்பாது. அதனால் முதல் வழியைவிட இது நல்லது என்பேன்.

ஆனால் இதிலும் சிக்கல் உண்டு. உதிரி அக்கவுண்ட் திறக்க ஒரு சர்ச், போனஸ் பேங்குக்கு ஒரு சர்ச் என்று ஒரு போனஸுக்கு இரண்டு பதிவு ஆகலாம். உதிரியில் போட்ட அந்தச் சின்ன டைரக்ட் டெபிட்டுக்குப் பணம் வைக்க மறந்தால் அது திரும்பிவிடும், ஸ்டேட்மென்டிலும் அப்படியே தெரியும். அண்டர்ரைட்டர்களுக்குப் பிடிக்காத வரிகளில் அது முக்கியமானது.

பெரிய சிக்கல் பணம் சுற்றுவதுதான். மாதம் 1,500 பவுண்ட் உள்ளே வர வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், சம்பள அக்கவுண்டிலிருந்து 1,500 அனுப்புவோம், மறுநாள் திருப்பி எடுத்துக்கொள்வோம். இதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. ஆனால் வீட்டுக் கடன் ஃபைலைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது விளக்கம் இல்லாத பணமாகத் தெரியும். இது எந்த அக்கவுண்ட், அதன் ஸ்டேட்மென்ட் எங்கே என்று கேட்பார். கொடுத்தால் அதில் மூன்றாவதாக ஒன்று தெரியும், அதற்கும் கேள்வி வரும். வீட்டு விலையில் நாம் கையிலிருந்து போடும் டெபாசிட் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி கட்டாயம். நம் வீடுகளில் ஏற்கெனவே சீட்டு எடுத்த பணம், ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணம் என்று விளக்கக் கொஞ்சம் இருக்கும். அப்பா கொடுத்தால் 'இது பரிசு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கும் இல்லை' என்று கடிதம் வேறு வேண்டும். அதற்கு மேல் போனஸுக்காகச் சுற்றிய பணத்தையும் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா?

கணவன் மனைவி சேர்ந்து கூட்டு அக்கவுண்டாகத் திறக்கும்போது இன்னும் கவனம் தேவை. கூட்டு அக்கவுண்ட் திறந்த நிமிடத்தில் இருவர் ஃபைலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிடும். இருவரும் சேர்ந்துதான் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. ஒருவருக்குப் பழைய டிஃபால்ட் (கடன் கட்டாமல் விட்ட பதிவு) இருந்து, மற்றவர் பெயரில் மட்டும் விண்ணப்பிப்பது திட்டம் என்றால், போனஸுக்காக அந்த முடிச்சைப் போடாதீர்கள்.

ஒன்றும் மாற்றாமல் இருந்தால்

இதில் இழப்பது போனஸ் மட்டும்தான். அந்த இழப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,50,000 பவுண்ட் கடன், 25 வருடம், 4.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 1,390 பவுண்ட் வரும். அதுவே 4.75 சதவீதம் ஆனால் சுமார் 1,425. கால் சதவீத வித்தியாசம் இரண்டு வருட ஃபிக்ஸில் (வட்டி மாறாத காலம்) 850 பவுண்டுக்கு மேல் தின்றுவிடும், ஐந்து வருட ஃபிக்ஸில் 2,100 பவுண்டைத் தாண்டும்.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அமெரிக்காவில் போல ஸ்கோர் இறங்க இறங்க வட்டி படிப்படியாக ஏறும் முறை இங்கே வழக்கமில்லை. வட்டியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வீட்டு விலையில் எத்தனை சதவீதம் கடன் என்பதுதான். கிரெடிட் ஃபைல் தீர்மானிப்பது பெரும்பாலும் உண்டா, இல்லையா என்பதை. ஆகவே ஆபத்து அந்த 'இல்லை'யில்தான் இருக்கிறது. குறைந்த வட்டிக்காரர் மறுத்து, அடுத்தவரிடம் போக வேண்டி வந்தால்தான் அந்தக் கால் சதவீதம் நம் தலையில் விழும். நல்ல ஃபைல், போதுமான டெபாசிட் உள்ளவருக்கு ஒரே ஒரு பேங்க் மாற்றத்தால் இது நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஐந்து சதவீத டெபாசிட்டோடு விளிம்பில் நிற்பவருக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு இந்த மூன்றையும் தாண்டி ஒன்று இருக்கிறது: லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்பு அக்கவுண்ட். 18 வயதிலிருந்து 39 வயதுவரை திறக்கலாம். வருடம் 4,000 பவுண்ட்வரை போட்டால் அரசாங்கம் 25 சதவீதம், அதாவது 1,000 பவுண்ட்வரை சேர்க்கும். வீடு 4,50,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், முதல் தவணை போட்டு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். வீட்டுக்கோ 60 வயதுக்குப் பிறகோ அல்லாமல் இடையில் எடுத்தால் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். நாம் போட்டதிலும் கொஞ்சம் போய்விடும். லண்டன் விலைக்கு அந்த 4,50,000 வரம்பு இடிக்கத்தான் செய்யும். ஆனாலும் அதற்குள் வாங்கப் போகிறவர்கள் ஒரு பவுண்டாவது போட்டு இன்றே திறந்து வைத்தால் அந்த 12 மாதம் ஓடத் தொடங்கிவிடும். கணவன் மனைவி இருவருக்கும் முதல் வீடு என்றால் இருவரும் தனித்தனியே திறக்கலாம். பத்து பேங்க் மாற்றினாலும் கிடைக்காத பணம் இது.

எப்போது எது?

விண்ணப்பிக்க ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறதென்றால் உதிரி அக்கவுண்ட் வழியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போனஸ் வாங்குங்கள். ஓவர்டிராஃப்ட் கேட்க வேண்டாம். அந்தப் பணத்தை நேராக ஐசாவில் போடுங்கள். ஆறு மாதம் என்று நெருங்கிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இது எழுதிவைத்த விதியல்ல, என் கணிப்பு. மூன்று மாத ஸ்டேட்மென்ட் சுத்தமாக இருக்கவும், பழைய சர்ச்சுகள் ஆறிப்போகவும் அவ்வளவு நாள் தேவை. விண்ணப்பம் போட்டதிலிருந்து சாவி கைக்கு வரும்வரை எதையும் தொடக் கூடாது. கடன் தருகிறோம் என்ற ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதே என்று கார் ஃபைனான்ஸ் எடுப்பது, பேங்க் மாற்றுவது எதுவும் வேண்டாம். பணம் விடுவிக்கும் முன் இன்னொரு தடவை ஃபைலைப் பார்க்கும் உரிமை கடன் கொடுப்பவருக்கு உண்டு.

ஏற்கெனவே வீடு வாங்கி, ஃபிக்ஸ் முடியப்போகிறவர்களுக்கு நிலைமை வேறு. இருக்கும் கடன் நிறுவனத்திலேயே புது வட்டிக்கு மாறுவதாக இருந்தால், கூடுதல் கடன் கேட்காதவரை பெரும்பாலும் புதிதாக வருமானச் சோதனையோ ஸ்டேட்மென்டோ கேட்க மாட்டார்கள். தவணை ஒழுங்காகக் கட்டிவந்தால் போதும். அவர்கள் தாராளமாக போனஸ் வாங்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் மட்டும் மேலே சொன்ன ஆறு மாதக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். புதிய வட்டியைப் பல மாதங்களுக்கு முன்பே பேசி வைக்க முடியும் என்பதால், ஃபிக்ஸ் முடியும் தேதியிலிருந்து ஒரு வருடம் பின்னோக்கி எண்ணி, போனஸை நிறுத்தும் நாள் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளச் சொல்வேன்.